பின்சீட்டுப் பாரம்

ரஜிதன் மறுபடியும் முன்சக்கரத்தடியில் குந்திவிட்டான். கையில் அளவு நாடா.

காருக்குள் இருந்த சோபனாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கரவன் வண்டியைக் காருக்குப் பின்னால் கொழுவினோமா, விடிய எழும்பித் தௌப்போ ஏரிக்குப் போனோமா என்றில்லாமல் இதென்ன கூத்து? பிளாட் புஷ் சனம் முழுக்க வேடிக்கை பார்க்கிறது.

அவன் சொல்வதும் சரிதான். கரவனின் பாரம் காரின் பின்பக்கத்தை அமுக்கினால் முன்பக்கம் எழும்பிவிடும். ஸ்டியரிங் சொன்னபடி கேளாது. இணைப்பிலுள்ள கம்பிகளைச் சங்கிலியால் இறுக்கினால் பாரம் முன்சக்கரங்களுக்கும் போகும். முன்பக்கம் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து, எவ்வளவு இறுக்குவது என்று பார்ப்பதில்தான் இவ்வளவு பாடும். அளந்து முடியும்வரை இறங்கக்கூடாது என்று அவளுக்குக் கட்டளை. அவனுடைய சீட்டில் அவனுக்குப் பதிலாகத் தண்ணீர்க் கான்கள்.

அவளுக்கு அந்தப் பாரமா பெரிது? அவனைக் கல்யாணம் செய்தபின் இதுதான் முதல் பயணம். மகள் பிரணவி வரமாட்டேன் என்றுவிட்டாள். தகப்பன் இறந்த பிறகு தாயோடு தனியே இருந்து பழகிய பிள்ளை. ரஜிதனைக் கண்டாலே அறைக்குள் போய்விடும். இன்றிரவே சிநேகிதி வீட்டுக்குப் போகிறாளாம். அவளை விட்டுவிட்டுப் போக சோபனாவுக்கு மனமே இல்லை.

சால்வை எடுக்கத் திரும்பினாள். பின்சீட்டில் இரண்டு அரிசி மூட்டை, மேலே ஒரு கோதுமை மாப்பை. பெல்ட் வேறு போட்டிருந்தது.

"இதென்னப்பா, குசினியிலை இருந்ததெல்லாம் இஞ்சை கிடக்கு?"

அவன் நிமிரவில்லை. "போற ஆக்கள் எல்லாரும் இருக்கிற மாதிரித்தான் அளக்கோணும். பிள்ளை மனம் மாறி வந்தாலும் வரும். எத்தினை கிலோ எண்டு பொம்பிளைப்பிள்ளையிட்டைக் கேக்கேலுமே?"



தோளில் பையோடு பிரணவி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

நேரே வந்து பின்கதவைத் திறந்தாள். பெல்ட்டைக் கழற்றி, மாப்பையை மட்டும் தூக்கி நிலத்தில் வைத்தாள். அரிசியைத் தொடவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டினாள்.

"ஐம் நாட் தட் ஹெவி," என்றாள், அவனைப் பார்த்து.

ரஜிதன் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினான்.

வீட்டுக்குள் ஓடிப்போய் அழவேண்டும் போலிருந்தது சோபனாவுக்கு. இறங்கினால் பாரம் மாறிவிடும்.

இருந்த இடத்திலேயே அழுதாள்.