குடைத்துணி

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலை வைத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. சோறு காய்ந்து, வடையில் எறும்பு ஏறியும் ஒரு காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

"கா... கா..." என்று கத்திக் கத்திச் சம்பத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவன் அம்மா கன்னியம்மாவுக்கு முதல் வருடத் தெவசம். காக்கா வாய் வைக்காமல் யாரும் கை நனைக்க முடியாது. மாடம்பாக்கத்துச் சொந்தபந்தம் முப்பது பேரும் ஷாமியானா நிழலில் பசியோடு நின்றார்கள்.

தண்ணீர்த் தொட்டி ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எத்திராஜ் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கன்னியம்மாவின் புருஷன் அவர். அவர் காலடியில் சம்பத்தின் மகள், ஏழு வயது தன்ஷிகா, ஒரு துண்டுச் சணல் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். 'உங்க ஆயா காக்காவா வந்து சாப்புடுவா' என்று யாரோ சொல்லிவைத்ததில், காலையிலிருந்து அவளுக்கு வானத்தின் மேலேயே கண்.

காக்கா ஏன் வரவில்லை என்பது அங்கே நின்ற பெரியவர்களில் எத்திராஜுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் இந்தப் பேத்திக்காகச் செய்த வேலைதான்.

தோட்டத்துச் செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டியதிலிருந்து தாத்தாவும் பேத்தியும் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஸ்கூல் விட்டு வந்தால் பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். தாய்க்குருவி கொண்டுவந்தது புழுவா பூச்சியா, எந்தக் குஞ்சு முதலில் வாய் பிளந்தது என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டுவார்கள். எழுபது வயதில் எத்திராஜுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு நாள் காக்கா ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளை அன்று சோறு தொடவில்லை. உடனே எத்திராஜ் பழைய குடையின் கறுப்புத் துணியைக் கிழித்து, செத்த காக்கா தொங்குவதுபோல முருங்கையின் தாழ்ந்த கிளையில் சணல் கயிற்றால் கட்டிவிட்டார். கூட்டம் கூடிக் கத்தித் தீர்த்த காக்காக்கள் அதோடு அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. கன்னியம்மா நாற்பது வருடம் சோறு வைத்துப் பழக்கிய காக்காக்கள் அவை.

மிச்சக் குஞ்சுகள் போன வாரமே பறந்துவிட்டன. துணியைக் கழற்ற வேண்டும் என்ற ஞாபகம் அவருக்கு இப்போதுதான், முப்பது பேர் முன்னால் வந்தது.

"போனவளுக்கு ஏதோ மனக்குறை" என்றாள் எத்திராஜின் அக்கா எல்லம்மா. "அவங்கவங்க மனசுல இன்னா கீதோ வாய் விட்டுச் சொல்லிடுங்க. அப்பத்தான் எறங்கி வருவா."

சம்பத் இலை முன்னால் போய்க் கை கூப்பினான். குன்றத்தூர் முருகனைப் பார்க்க வேண்டும் என்று அம்மா மூன்று வருடம் கேட்டும், வாசலில் கார் இருந்தும் அழைத்துப் போகவில்லை என்று சொல்லி உடைந்து அழுதான். மருமகள் ஹேமாவதி, அத்தை இருமுகிறாள் என்று டம்ளரைத் தனியாக வைத்ததைச் சொன்னாள். மகள் சாமுண்டீஸ்வரி, அம்மா போன் என்றால் சைலன்டில் போட்டுவிடுவேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிர் வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தது. வரவில்லை.

ஒரு கந்தல் துணிக்காகப் பெற்ற பிள்ளைகள் ஊர் முன்னால் மானம் போக நிற்கிறார்களே என்று எத்திராஜுக்கு உடம்பு கூசியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பெண்டாட்டி தெவச மாதத்தில் காக்காவை விரட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது?

"நீ சொல்லு தம்பி" என்றாள் எல்லம்மா. எல்லார் கண்ணும் அவர் மேல் திரும்பியது.

"எங்கிட்ட இன்னாக்கா குறை அவளுக்கு? ராணி மாரி வெச்சிருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சாயங்காலம் வந்து நெஞ்சில் நின்றது. 'நெஞ்ச இன்னாமோ பண்ணுதுய்யா' என்று கன்னியம்மா உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடி என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். கடைசி ஓவர் முடிந்து எழுந்து போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. கடைக்குப் போய் வருவதற்குள் போய்விட்டாள் என்றுதான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

சீ, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காக்காவைத் தடுப்பது குடைத்துணி, கன்னியம்மா இல்லை. அப்படி நினைத்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும், இது கழற்றிப் போடக்கூடிய வெட்கம்.

பேத்தியை இழுத்து அணைத்துக் காதோடு சொன்னார். "கண்ணு, கீழ ஓடிப்போயி முருங்கையில கீற கறுப்புத் துணிய அவுத்துப் போட்டுட்டு வா. யாராண்டயும் சொல்லாத."

தன்ஷிகா சணல் சுற்றிய விரலோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். எதிர் வீட்டுக் காக்காவும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத நேத்தே அவுத்துட்டேனே தாத்தா. ஆயா வரணும்ல?"