படத்தில் முதுகு காட்டியவன்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காப்பி ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

அரூர் மாதம்மாள் மகனுக்குப் பெண் பார்க்க மொரப்பூர் வந்திருந்தாள். மூத்த மாப்பிள்ளை மாதவராஜ் சொன்ன இடம். ரயில்வே அதிகாரியான அவர் சொல் அந்த வீட்டில் சாமி வாக்கு.

பெண் மணிமேகலை ஐஸ் தரையில் ஜோடி நடனமாடிப் பதக்கம் வாங்கியவள். இப்போது பெங்களூரில் கோச். சுவரில் ஒரு படம். சிரித்தபடி அவள், அவள் இடுப்பைப் பிடித்தபடி, முதுகு காட்டி ஒருவன். மாதம்மாள் கண் அதிலேயே நின்றது.

“ஏம்மா, ஊரே பாக்க ஒருத்தன் இடுப்பைப் புடிச்சிருக்கானே?”

“ஐஸ் டான்ஸ்னா ஜோடியாத்தாங்க ஆடணும்.”

“நீ வழுக்கி விழல. உங்க வூட்டு மானம் விழுந்துடுச்சு!”

பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்தாள். மாதம்மாளுக்கு உற்சாகம் ஏறியது.

“கோச் வேலைய இன்னைக்கே விட்டாத்தான் தட்டு மாத்துவோம். எங்க மூத்த மாப்பிள்ளை பொம்பளைங்க இருக்கற பக்கம் தலை நிமிர மாட்டாரு. ஆமா, யாரு இந்த வெக்கங்கெட்டவன்? எந்த வூட்டுப் புள்ள?”

“வாசல்ல காரை நிறுத்திட்டு வர்றாருங்க அத்தை.”

மாதவராஜ் உள்ளே வந்தார். மாப்பிள்ளை எதிரில் மாமியார் நிற்கக் கூடாதே! மாதம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள்.

“அட, நம்ம படம்! இன்னும் மாட்டி வெச்சிருக்கியா மேகலை?”

“ஆமாங்க. அத்தை என்னைய கோச் வேலைய விடச் சொல்றாங்க.”

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“நான் எப்பம்மா சொன்னேன்? அது கலைம்மா, கலை!”

உங்கள் வீட்டுப் படங்களில் எல்லோரும் முகம் தெரியச் சிரிக்கட்டும். நன்றாயிருங்கள்.