பிழைவிடக் கூடாத சொற்கள்

பயிற்சித் தாளில் ‘பெனவலண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே, ‘கருணை உள்ளவர்’ என்பதற்குப் பதிலாக, ‘கோபம் மிகுந்தவர்’ என்று எழுதப்பட்டிருந்தது. ரோஹிணி சிவப்புப் பேனாவை மூடி மேசைமீது வைத்தார். எதிரே அமர்ந்திருந்த லவினியா, தேர்வில் தவறிய மாணவியைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

கொலோன் நகரில் தமிழ் மன்றம் ஒன்றின் சிறிய வகுப்பறை அது. சனிக்கிழமை மாலை வகுப்பில் அன்று அவர்கள் இருவர் மட்டுமே இருந்தனர்.

லவினியா லிஸ்பனில் பிறந்தவர். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் வெளியில் போர்த்துக்கேயமுமாக வளர்ந்து, றெக்ஸை மணந்து கொலோனுக்கு வந்தார். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாகப் பணிபுரிகிறார். லண்டனில் இருக்கும் றெக்ஸின் தமையனார் லவினியாவுக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் மட்டுமே அது கைகூடும்.

இரண்டு முறை எழுதியாயிற்று. இரண்டு முறையும் உயர்நிலைச் சொற்களே அவரைக் கவிழ்த்துவிட்டன.

ரோஹிணி மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மன்றத்தார் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, வாரந்தோறும் ஆங்கிலம் கற்பித்து வந்தார். லவினியா எப்போதும் சற்றுத் தாமதமாகவே வருவார். “மகனிட்டப் போட்டு வாறன், ரீச்சர். அதுதான் சுணங்கிட்டுது” என்று மன்னிப்புக் கேட்பார்.

பிள்ளை மாமியார் வீட்டில் வளர்கிறான் போலும் என்று ரோஹிணி எண்ணிக்கொண்டார். ஒருமுறை அவனுக்கென்று ஒரு பொம்மைக் கார் வாங்கிக் கொடுத்தார். லவினியா அதை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டு, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. றெக்ஸ் உள்ளே வந்து, அமரச் சொல்லியும் அமராமல் நின்றார்.

“மறைக்காமல் சொல்லுங்கோ, ரீச்சர். இவ இந்தமுறை தேறுவாவோ? தேறுவா எண்டா இண்டைக்கே பரீட்சைக்கு நாள் குறிச்சுத் தெர்மின் எடுக்கிறன். இல்லாட்டி அண்ணைக்குச் சொல்லிப்போடுறன், அந்த வேலையை வேற ஆருக்கும் குடுக்கட்டும்.”

ரோஹிணி மறுபடி தாளைப் பார்த்தார். றெக்ஸ் மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“என்னோட சண்டை பிடிக்க மட்டும் இவவுக்கு மூண்டு பாஷை வரும். இங்கிலீஸ்தான் ஏறுதில்லை.” அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. “எங்களுக்கு இஞ்ச இனி ஒண்டுமில்லை, ரீச்சர். நான் இந்த ஊரை விட்டுப் போகோணும்.”

தாளை முழுமையாகத் திருத்திவிட்டுச் சொல்வதாகவும், சற்று நேரம் வெளியே காத்திருக்குமாறும் ரோஹிணி பணிவுடன் கேட்டுக்கொண்டார். றெக்ஸ் வெளியேறிக் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்தார்.

“போன வாரம் நீங்க தப்பா எழுதின வேர்ட்ஸை, எங்க லேப்ல இருக்கற ஒரு பிரேசில்காரர்கிட்ட காட்டினேன், லவினியா. அவருக்கும் போர்ச்சுகீஸ்தான் தாய்மொழி.”

மேசைமீது இருந்த லவினியாவின் விரல்கள் அசைவற்று நின்றன.

போர்த்துக்கேயம் பேசுவோருக்கு நீளமான ஆங்கிலச் சொற்கள் பிறந்த வீட்டுச் சீர் போல. குட்டிச் சொற்கள்தாம் தங்களைப் படாதபாடு படுத்தும் என்று அந்த நண்பர் சொன்னாராம். பெனவலண்ட், மெலன்கலி, இனெவிடபிள் எல்லாம் அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதே சொற்கள், பொருளும் அதுவே. பள்ளிப் பிள்ளைகூட இவற்றில் பிழைவிடாது என்று அவர் வியந்தாராம்.

ரோஹிணி விடைத்தாளை லவினியாவின் பக்கம் திருப்பினார். போர்த்துக்கேயத்தில் சாயலே இல்லாத கடினமான சொற்கள் யாவும் சரியாக இருந்தன. சாயல் உள்ளவை மட்டும், ஒன்றுவிடாமல், பிழையாக இருந்தன.

“உங்களுக்கு எல்லாமே தெரியும். அப்படித்தானே?”

லவினியா மறுக்கவில்லை. நன்றாகத் தெரிந்தவற்றைத்தான் மாற்றி எழுதியதாகவும், மற்றவை தாமாகவே பிழையாகிவிடும் என்று நம்பியிருந்ததாகவும் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

“நீங்கள் வடிவாப் படிப்பிச்சுப் போட்டியள், ரீச்சர். அதுகள் பிழைக்கேல்லை.”

ரோஹிணிக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுந்தது. வெளியே ஒருவர் தம் வாழ்வையே இந்தத் தாளின்மேல் வைத்துவிட்டு நிற்பதை நினைத்துப் பார்க்குமாறு வேண்டினார். அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் லவினியா கெஞ்சினார். இங்கே இருந்தால் றெக்ஸ் உருக்குலைந்து போவார் என்பது தமக்கும் தெரியும் என்றார். இருந்தும், தம்மால் போக முடியாது என்றார்.

“உங்க பையனுக்காகவாவது யோசிக்கக் கூடாதா? லண்டன்ல அவனுக்கு நல்ல ஸ்கூல் கிடைக்கும். ஏன், அவனைக் கூட்டிட்டுப் போறதுல எதாவது பிராப்ளமா?”

“அவனைக் கொண்டுபோக ஏலாது.”

கதவுக்கு அப்பால் றெக்ஸ் முன்னும் பின்னும் நடக்கும் ஓசை கேட்டது. அது சற்று விலகிச் செல்லும்வரை காத்திருந்த லவினியா, ரோஹிணிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“பாக்க ஆளில்லாத கல்லறையை இஞ்ச அழிச்சுப்போடுவினம், ரீச்சர்.”