கூப்பிடு தூரம்

"ஐயா, ஒரு சின்ன உதவி. பின்னாடி தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் வர்றார். கலங்கரை விளக்கம் எவ்வளவு தூரம்னு கேப்பார். 'கூப்பிடு தூரம்தான்'னு சொல்லிடுங்க."

வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஒன்பது கிலோமீட்டர் இருக்கே?"

"அதைத்தான் சொல்ல வேண்டாங்கறேன்."

"யாரு, எதிரியா?"

"தங்கச்சி புருஷன்."

"அப்ப சரி" என்று அவர் வலைக்குத் திரும்பினார்.

மாஸ்டருக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவசரத்துக்குக்கூடப் பொய் வராத மனுஷன். பயம் வந்தால் மட்டும் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

பின்னால் முதுகுப்பையோடு வந்துகொண்டிருந்த சர்வேயர் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். பிறகுதான் மாப்பிள்ளை. ஆறு மாதம் முன்பு நெஞ்சில் ஆபரேஷன்.

தங்கைதான் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். "கேட்டைத் தாண்ட மாட்டேங்கறாருண்ணா. நடந்தாத்தான் நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தூரம் தெரிஞ்சா அங்கேயே உக்காந்துடுவார். கடலோரமா நாலு நாள் கூட்டிட்டுப் போய் எப்படியாவது நடக்க வச்சுடு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மூன்று நாள் பஸ்ஸிலேயே போய்விட்டது. நாலாம் நாள் காலையில் மாஸ்டர் துணிந்து, "இன்னிக்கு பஸ் ஸ்ட்ரைக்காம் மாப்ள" என்றார்.

சொல்லி அரை மணி ஆகவில்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"ஸ்ட்ரைக்குன்ன?"

"அது ஸ்கூல் பஸ்."

"உள்ள எல்லாம் பெரியவங்களா இருந்தாங்களே மச்சான்?"

"டீச்சருங்க."

"ஒருத்தர் மடியில கோழிக்கூண்டு வச்சிருந்தாரே?"

"சயின்ஸ் டீச்சரா இருப்பார்."

ஆட்களைக்கூடச் சமாளித்துவிடலாம். இளநீர் விற்றவர், சைக்கிளில் வந்த தபால்காரர், துணி உலர்த்திய அம்மாள் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே ஓடிப்போய்ச் சொல்லிவைத்தாயிற்று. எல்லோரும் ஒரே குரலில் "கூப்பிடு தூரம்தான்" என்றார்கள்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் தொண்டை பெருசு போல" என்றார் சர்வேயர்.

கிலோமீட்டர் கற்களிடம்தான் பாச்சா பலிக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் மீதி தூரத்தைப் பளிச்சென்று சொல்லிக்கொண்டு நின்றது. தூரத்தில் கல் தெரிந்ததும் மாஸ்டர் ஓடுவார். ஒன்றில் துண்டைப் போட்டார். ஒன்றின் முன்னால் பையை நிறுத்தினார். மற்றவற்றில் எண் தெரியாதபடி ஒட்டிச் சாய்ந்துகொண்டார். சர்வேயர் தாண்டிப் போனதும் மறுபடி முந்திக்கொண்டு அடுத்த கல்லுக்கு ஓட்டம்.

"உனக்குச் சாய ஒரு இடம் கிடைச்சா போதுமே மச்சான்!"

"கடலைப் பாக்கறேன் மாப்ள."

"கடல் உன் முதுகுப்பக்கம் இருக்கு."

நாலாம் எண் கல்லுக்கு அன்று காலைதான் பெயின்ட் அடித்திருந்தார்கள். மாஸ்டருக்கு அது தெரியாது.

கடைசிக் கல்லுக்குச் சற்று முன்னால் சர்வேயர் சட்டென்று நின்றார். கை நெஞ்சுக்குப் போனது.

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. படுபாவி, தைத்த இதயத்தைப் பொய் சொல்லி இழுத்து வந்தோமே, தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வேன்?

"மாப்ள! என்னடா பண்ணுது? உக்காரு, உக்காரு!"

"சும்மா கத்தாத. கண்ணாடியைத் தேடறேன்." சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார். "அதோ பார், வந்துடுச்சு உன் கலங்கரை விளக்கம்."

கலங்கரை விளக்கத்தின் நிழலில் போய் உட்கார்ந்ததும் சர்வேயர் கேட்டார். "எவ்வளவு நடந்திருப்போம்?"

"ஒரு ரெண்டு... ரெண்டரை..."

"ஒன்பது கிலோமீட்டர். பன்னிரண்டாயிரத்து நூத்தி நாப்பது தப்படி. நிலம் அளந்த காலுடா இது, எண்ணாம நடக்கத் தெரியாது. போதாததுக்கு நாலாம் நம்பர் கல்லுலேர்ந்து உன் பின்பக்கமே தூரம் சொல்லிக்கிட்டு வருது."

மாஸ்டர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது.

"தெரிஞ்சேவா நடந்த? கோவிச்சுக்காத மாப்ள. ஆபரேஷனுக்கப்புறம் நீ கேட்டைத் தாண்டறதே இல்லைன்னு தங்கச்சிதான்..."

"நானா? தினம் காலையில ஆறு கிலோமீட்டர் நடக்கறேன். அதுவும் உன் வீட்டு வாசல் வழியா. நீ அந்த நாற்காலியை விட்டு ஒரு நாள் எழுந்து ஜன்னல் பக்கம் வந்திருந்தா பாத்திருப்ப."

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எதுக்கு அவ எங்கிட்ட அப்படிச் சொன்னா?"

"ரிட்டையரானதுலேர்ந்து நீ நாற்காலியோட ஒட்டிக்கிட்ட. இப்படியே இருந்தா முட்டி பூட்டிக்கும்னு டாக்டர் திட்டினார் இல்ல?"

"திட்டினார்."

"கேட்டியா?"

மாஸ்டர் இந்தத் தடவை நிஜமாகவே கடலைப் பார்த்தார்.

"இன்னிக்கு முன்னாடி ஓடி, நின்னு, மறுபடி ஓடி... முட்டி வலிக்குதா?"

மாஸ்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை. "அப்ப உங்கிட்ட அவ என்னதான் சொல்லி அனுப்பினா?"

சர்வேயர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"'தனக்காக எங்கண்ணன் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார், உங்களுக்காகன்னா ஓடுவார். கொஞ்சம் ஏமாந்த மாதிரி நடந்துட்டு வாங்க'ன்னா."