மேல் பட்டன்

"அந்தக் கம்பளிச் சட்டையோட பட்டனைப் போட்டுக் காட்டுங்க, மிஸ்டர் ஹாகன். அவசரமே இல்ல."

உரிம வாரியத்தின் தலைவி ஸ்டென்சன் அம்மாள் சொன்னதும் எல்மர் ஹாகன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். எழுபதைத் தாண்டிய ஆஜானுபாகுவான மனிதர். வலது கை மடியில் கரையில் போட்ட மீன் மாதிரி கிடந்தது. இடது கையால் பட்டனைப் பிடித்தார், நழுவியது. வலது கையைத் தூக்கினார், விரல்கள் நடுங்கின. பட்டன் ஓட்டைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"முடியல," என்றார்.

எதிரில் உட்கார்ந்திருந்தாள் ஜோலின் பெக். அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வாதம் வந்து கை விழுந்தவர்களுக்கு மறுபடியும் சட்டை மாட்டவும், ஸ்பூன் பிடிக்கவும், முட்டை பொரிக்கவும் கற்றுத் தருகிற வேலை. இத்தனை வருடத்தில் அவள்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

எல்மர் வீட்டுக்குப் பல மாதங்கள் போய்ப் பயிற்சி கொடுத்துவிட்டு, 'இனி யார் உதவியும் இல்லாமல் தானே உடுத்திக்கொள்வார்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அது பொய் என்று வாரியம் முடிவு செய்தால் அவளுடைய உரிமம் போய்விடும். அப்புறம் இந்த மாநிலத்தில் எந்த நோயாளியின் வீட்டுப் படியையும் அவள் மிதிக்க முடியாது.

"என் கண்ணால பார்த்தேன் மேடம்," என்றாள் ஜோலின். "அவங்க வீட்டுச் சமையலறையில. எல்லாப் பட்டனையும் அவரேதான் போட்டார். நான் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"கையைக் கட்டிட்டு உட்கார்றதைத் தவிர வேற என்ன செஞ்சே நீ?" என்று வெடித்தாள் எல்மரின் மனைவி ஆர்டிஸ். புகார் கொடுத்ததே அவள்தான். "மனுஷன் தவிக்கிறதை வேடிக்கை பார்க்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு உரிமம்!"

"உதவாம இருக்கிறதுதாங்க எங்க வேலையில பாதி. நான் போட்டுவிட்டா எனக்குத்தான் பயிற்சி."

வாரியத்தில் இருந்த தெரபிஸ்ட் ஒருவர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். தலைவி சிரிக்கவில்லை.

"அப்போ சமையலறையில வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்ல மேடம். இவங்க சர்ச்சுல ஒரு சாவுச் சாப்பாட்டுக்கு சாண்ட்விச் செய்யப் போயிருந்தாங்க."

"நான் பொய் சொல்றவ இல்ல," என்றாள் ஆர்டிஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தினமும் காலையில பட்டன் போட்டுவிடறது நான். கறியை வெட்டிக் கொடுக்கிறது நான். டுலூத்துல இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு கட்டின பெட்டி, இவருக்கு வாதம் வந்த நாள்லேருந்து கதவுக்குப் பின்னாடி அப்படியே கிடக்கு. இந்தப் பொண்ணோட அறிக்கை வந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? 'எங்கே, போட்டுக் காட்டு'ன்னேன். ஒண்ணுகூட முடியல. 'அவ சும்மா எழுதிட்டா'ன்னார். இன்னொரு குடும்பம் ஏமாறக் கூடாதேன்னுதான் புகார் கொடுத்தேன்."

ஆர்டிஸின் கண்ணுக்குக் கீழே கருவளையம். பாவம், அவளும் ஓய்ந்துதான் போயிருந்தாள். அவள் சொன்னதை அந்த அறையில் யாருக்குத்தான் நம்பாமல் இருக்கத் தோன்றும்?

"நீங்க சொல்லுங்க, மிஸ்டர் ஹாகன்," என்றாள் தலைவி.

எல்மர் ஜோலினைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே பார்க்கவில்லை.

"நல்ல பொண்ணுங்க அவ," என்றார் தரையைப் பார்த்து. "உரிமத்தையெல்லாம் பிடுங்காதீங்க. ஏதோ கண்டிச்சு விட்டுடுங்க."

"அவங்க எழுதினது பொய்யா இல்லையா?"

"அதான் பார்த்தீங்களே... என்னால முடியல."

ஜோலின் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லும் மனிதராக அவரை அவள் நினைத்ததே இல்லை. அந்தச் சமையலறையில் கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு அவர் அழுதபோது, சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் அவளும் அழுதிருந்தாள்.

"வெளியில இருங்க, பேசி முடிவு சொல்றோம்," என்று தலைவி காகிதங்களை ஒதுக்கினாள்.

ஆர்டிஸ் எழுந்து கோட்டை மாட்டினாள். "நான் போய் வண்டியைச் சூடு பண்ணி வைக்கிறேன். இந்தக் குளிர்ல அப்படியே ஏறினா விறைச்சுப் போயிடுவார்." மூட்டு வீங்கிய அவளுடைய விரல்களுக்குக் கழுத்தருகே இருந்த மேல் பட்டன் மட்டும் அடங்கவில்லை. சலித்துப்போய் அப்படியே கதவுப் பக்கம் நடந்தாள்.

"ஆர்டிஸ், இரு! கழுத்து திறந்து கிடக்கு. போன தடவை நெஞ்சுல சளி கட்டினது மறந்துபோச்சா?"

எல்மர் எழுந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் வாசலில் வைத்துச் செய்வதைச் செய்தார். கோட்டின் மேல் பட்டனை இரண்டு கையாலும் பிடித்து ஓட்டைக்குள் நுழைத்தார். கழுத்துத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சின்மேல் வலது கையால் லேசாகத் தட்டியும் கொடுத்தார்.

ஆர்டிஸ் குனிந்து அந்தக் கையையே பார்த்தாள். அப்புறம்தான் எல்மரும் பார்த்தார்.

"எல்மர்... எத்தனை நாளா?"

அவர் முதல் தடவையாக ஜோலின் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிடும்மா. நீ எழுதினது அத்தனையும் நிஜம்." பிறகு தலைவியிடம் சொன்னார்: "விவாகரத்து வக்கீலைப் பார்த்துட்டு வந்து இவ பெட்டி கட்டின அன்னிக்குத்தான் எனக்குக் கை விழுந்துச்சுங்க, 'உன் பட்டனை நீயே போட்டுக்கிற வரைக்கும் இருக்கேன்'னு சொன்னா."