ஃப்ரெடி வலை போடும் இடம்

"மேடம், எங்க வூட்டுக்காரரு போட் இன்னும் கரைக்கு வரல. காலைலயே வந்துருக்கணும். எனக்கு ரொம்ப பேஜாரா கீது."

மெர்லின் ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், மீன்துறை அதிகாரி அஜீசா தன் முன்னால் இருந்த பெரிய திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. ஃப்ரெடி படகு எப்பவோ வந்தாச்சு. இதோ பாருங்க பச்சைப் புள்ளி, நம்ம ஜெட்டியிலதான் நிக்குது."

புள்ளி வந்துவிட்டது, புருஷனைக் காணோம். அதற்குக் காரணம் மெர்லினுக்குத் தெரியும். கூடவே வந்து நின்ற ஜெரிக்கும் தெரியும். ஜெரி, ஃப்ரெடிக்கு உயிருக்குயிரான தோஸ்து.

"வா அண்ணி, மேடத்தப் போயி தொல்ல பண்ணிக்கினு," என்று ஜெரி குரலைத் தாழ்த்தினான். "நான் என் போட்ட எடுத்துக்கினு போயி அண்ணன நேரா இட்டாந்துர்றேன்."

"எங்கன்னு போவ?"

ஜெரி அதைக் காதில் வாங்காதவன் போல வாசல் பக்கம் திரும்பினான்.

கடல் வழியாக வேண்டாதவர்கள் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று சர்க்கார் ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டியை மாட்டியிருந்தது. படகு எங்கே போனாலும் அது துறைமுகத் திரையிலும், படகுக்காரரின் போனிலும் காட்டிக் கொடுத்துவிடும். குப்பமே வெறுங்கூடையோடு திரும்புகிற நாளில் கூட வஞ்சிரத்தோடு வந்து இறங்குகிறவன் ஃப்ரெடி. அந்த இடத்தை அவன் ஈ எறும்புக்குக் கூடக் காட்டியதில்லை. யாராவது பின்னால் வந்தால் வேண்டுமென்றே தெற்கே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவான். அவனிடம் போய்ப் பெட்டி மாட்டு என்றால் சும்மா இருப்பானா?

அதைப் பற்றிக் கூட்டம் போட்டபோது அவனை விட அதிகமாகக் கத்தியவன் ஜெரிதான். "ஒருத்தன் எங்க வல போட்றான்றது அவன் பெட்ரூம் மாரி மேடம். அத்த எட்டிப் பாக்க சர்க்காருக்கு இன்னா ரைட்டு கீது?" என்று அவன் கேட்டதும் கூட்டம் கைதட்டித் தீர்த்தது. கூச்சலுக்கு நடுவே பெட்டி எல்லாப் படகிலும் ஏறிவிட்டது.

ஃப்ரெடி விடுவானா? மறுநாளே பெட்டியைக் கழற்றி ஜெரி கையில் கொடுத்தான். "நீ வச்சிக்கோ மாமு. நீ போற எடத்துலதான் நானும் கீறேன்னு நெனச்சிக்கட்டும்." ஜெரி ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். அந்தப் புண்ணியமோ என்னவோ, ஒரு மாதமாக ஜெரிக்கும் வஞ்சிரமாக விழுகிறது. நல்ல மனசுக்குக் கடவுள் கொடுக்கிறார் என்று மெர்லின் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

இப்போது உண்மையைச் சொன்னால், பெட்டியைக் கழற்றிய குற்றத்துக்குச் சர்க்கார் தரும் மானிய டீசல் போய்விடும். சொல்லாவிட்டால் புருஷனைத் தேட யாரும் போக மாட்டார்கள். டீசல் கிடக்கட்டும் என்று அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அஜீசாவின் சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா இது? உங்களை வேவு பார்க்கவா பெட்டி மாட்டினோம்? இப்படி ஒரு ஆபத்துன்னா ஓடிவரத்தானே?"

"சர்க்கார் பாத்தா பரவால்ல மேடம். இந்த ஸ்கிரீன போறவன் வர்றவன்லாம் பாக்கறானே. நாளைக்கே அந்த எடத்துல நூறு போட் நிக்கும். அப்பால நாங்க இன்னாத்த துன்றது?"

திரை வாசலைப் பார்த்தபடிதான் இருந்தது. அஜீசா எழுந்துபோய் அதை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

"சரி, அது நியாயம்தான். அதை அப்புறம் பேசுவோம். ரோந்துப் படகு தயாரா இருக்கு. எந்தப் பக்கம் போகச் சொல்லட்டும்? அவர் எங்கே வலை போடுவார்?"

"எனக்கே தெரியாது மேடம். கல்யாணம் ஆன நாள்லருந்து கேட்டுக்கினு கீறேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதராண்ட கூட சொன்னதில்ல. கேட்டா, அது பாவம் இல்ல, தொழிலுன்றாரு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்ஜின் நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் காற்று ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிவாதக்காரன் முழுசாகத் திரும்பி வந்தால் போதும், ஆயுசுக்கும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டேன் என்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டாள்.

"மேடம், நானே போறேன்," என்றான் ஜெரி மறுபடியும். அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

"திக்குத் தெரியாம உன்னை அனுப்பிட்டு, அப்புறம் ரெண்டு பேரையும் தேடணுமா? காசிமேட்டுல இருந்து எண்ணூர் தாண்டியும் கடல்தான். இடம் தெரிஞ்சா சொல்லு, இல்லேன்னா சும்மா நில்லு."

ஜெரி மெர்லினைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான்.

"மேடம், அந்த ஸ்கிரீன்ல என் போட் எங்க கீதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"உன் படகுதான் ஜெட்டியில கட்டியிருக்கே. அதை என்ன பார்க்கிறது?" என்று சலித்துக்கொண்டே தேடிய அஜீசா, புருவத்தை உயர்த்தினார். எண்ணூருக்கு நேர் கிழக்கே, நடுக்கடலில், ஜெரியின் பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"என் பொட்டிய அண்ணன் போட்ல, ஐஸ் பொட்டிக்கு அடில ஒளிச்சு வச்சிகீறேன் மேடம்," என்றான் ஜெரி, மெர்லின் முகத்தைப் பார்க்காமலே. "அவரு எங்க வல போட்றாருன்னு ஒரு மாசமா போன்ல பாத்துக்கினுதான் கீறேன்."