எக்ஸில் தொடங்கும் எண்

“கடைசி பெஞ்ச்ல இருக்கிற அம்மா, கொஞ்சம் எழுந்திரிங்க!”

நோய்க்கும் காயத்துக்கும் ஆஸ்பத்திரிகளில் போடும் எண்களைச் சொல்லித்தரும் மெடிக்கல் கோடிங் அறிமுக வகுப்பு. எழுந்து நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். மற்ற முப்பது பேருக்கும் அவள் பிள்ளை வயதுதான். தங்களுக்குள் அவளுக்கு ‘ஆன்ட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“எலும்பு முறிவுன்னா எந்த எழுத்துல எண் ஆரம்பிக்கும்?”

ஆன்ட்டி விழித்தாள்.

“மூணு வாரமா இதைத்தானே கரடியா கத்திக்கிட்டிருக்கேன்! எங்கே, நோட்டைக் காட்டுங்க.”

நோட்டின் முதல் பக்கத்தில் தேதி இருந்தது. அதோடு சரி. அடுத்த பக்கங்கள் எல்லாம் வெள்ளை.

முன் வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியைக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“பொழுது போகலைன்னு வர்றீங்களா? இந்த சீட் கிடைக்காம நாலு பொண்ணுங்க அழுதுட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. வேலை கிடைச்சாத்தான் அவங்க வீட்டுல அடுப்பு எரியும். நீங்க என்னடான்னா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இப்படித்தான் வருவேன்னா, நாளைக்கு வராதீங்க.”

“சரிங்க மேடம்.”

கோபமோ அழுகையோ இல்லாத குரல். அதுவே ஆசிரியைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஆசிரியை போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆன்ட்டி.

“மேடம், இதுல ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் அர்த்தம் சொல்லிடுங்க. நாளையிலேர்ந்து வரல.”

பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் ஆஸ்பத்திரித் தாள். வயது பதினெட்டு என்று இருந்தது. கீழே வரிசையாக எண்கள் மட்டும்.

“யாரு இது?”

“என் பையன். ஒரே பையன். இன்ஜினியரிங் முதல் வருஷம். காலேஜ் மாடியிலேர்ந்து விழுந்துட்டான். எட்டு மாசம் ஆச்சு.”

ஆசிரியை டஸ்டரை வைத்துவிட்டுத் தாளைக் கையில் வாங்கினாள்.

முதல் எண், தலைக் காயம். இரண்டாவது, இடுப்பெலும்பு. ஆன்ட்டியின் விரல் மூன்றாவதைத் தொட்டுக் காட்டியது. காயம் எப்படி ஏற்பட்டது என்று சொல்லும் எண் அது. புத்தகத்தில் கடைசிப் பாடம், இன்னும் நடத்தவில்லை. தவறி விழுந்திருந்தால் ‘டபிள்யூ’வில் தொடங்கியிருக்கும். இது ‘எக்ஸ்’.

ஆசிரியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தாள். சந்தேகமே இல்லை. தானே குதித்தவர்களுக்குப் போடுகிற எண்.

ஓர் எழுத்து மாறினால் அரை மார்க்கூடத் தராதவள் அவள்.

“இது... கால் தவறி விழுந்ததுக்குப் போடுறது,” என்றாள். “வழுக்கி விழுந்தா இந்த எண்தாம்மா. வேற ஒண்ணுமில்ல.”

ஆன்ட்டி அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெல்ல முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நல்லா சொன்னீங்க மேடம். குரல்கூட நடுங்கல.”

“என்னம்மா சொல்றீங்க?”

“புத்தகம் கைக்கு வந்த அன்னிக்கே கடைசிப் பாடத்தைப் படிச்சுட்டேன். படிக்காட்டியும் எனக்குத் தெரியும். விழுந்த பிறகு ஒரு மணி நேரம் உயிர் இருந்துச்சு. டாக்டர் கேட்டதுக்கு அவனே சொன்னான். ‘எல்லா பேப்பரும் போச்சு சார், எனக்கு இந்தப் படிப்பு ஏறல, வீட்டுல சொல்ல பயமா இருந்துச்சு’ன்னான். நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன். வீட்டுல சொல்ல பயமாம். வீடுன்னா நான்தானே மேடம்?”

ஆசிரியைக்கு, கொஞ்ச நேரம் முன்பு முப்பது பேர் எதிரில் பேசியதையெல்லாம் திரும்ப எடுத்து விழுங்கிவிட முடிந்தால் தேவலை போலிருந்தது.

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்கும்மா மூணு வாரம் வந்தீங்க?”

“உங்களைப் பாக்கத்தான். உங்க முகத்தைப் பார்த்தா, கேட்டதைச் செய்வீங்களா மாட்டீங்களான்னு தெரிஞ்சுடும்னு நெனச்சேன். இன்னிக்குத் திட்டினப்போ, இவங்ககிட்ட நடக்காதுன்னு விட்டுட்டேன். ஆனா இனிமே நாள் கடத்த முடியாது.”

“நான் என்ன செய்யணும்?”

ஆன்ட்டி கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அன்னிக்கு அவங்கப்பா வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. வழுக்கி விழுந்தான்னுதான் அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பையனோட செருப்பை எடுத்து வெச்சுக்கிட்டு, ‘அடி தேஞ்சிருக்கு பாரு, அதான் வழுக்கிடுச்சு’ன்னு தனக்குத்தானே பேசிக்கிறார். ஆனா இந்தத் தாளைப் பார்த்துட்டா சந்தேகம் வந்துடுது. இது என்ன எண், இது என்ன எண்ணுன்னு துளைச்சு எடுத்துட்டார். கண்டவங்ககிட்ட காட்டாதீங்க, நானே படிச்சுச் சொல்றேன்னு பிடுங்கி வெச்சேன். சொன்னா நம்பல. நீ எனக்காகப் பொய் சொல்றே, உன் மேடம் வாயால கேக்கணும்னு இன்னிக்குக் கூடவே கிளம்பி வந்து வராண்டாவுல உக்காந்திருக்கார்.”

கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

“கணக்கு வராதுப்பான்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சின பிள்ளையை, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் இன்ஜினியரிங்ல சேர்த்தவர் அவர்தான். உள்ள கூப்பிடறேன் மேடம்... எனக்குச் சொன்ன மாதிரியே, அவருக்கும் சொல்லிடுங்க.”